வாயால் உறவு வைத்தால் என்ன தொற்றும், எங்கே போய்ப் பார்ப்பது

ஓரல் செக்ஸ் முடிந்த மறுநாள் காலையில் எல்லாருக்கும் வருகிற முதல் பயம் எய்ட்ஸ்தான். மூன்று மாதம் தூக்கம் கெட்டுத் திரிகிறவர்கூடத் தன் தொண்டையில் கொனோரியா என்ற பால்வினை நோய் இருக்கலாம் என்று ஒரு நாள் யோசித்திருக்க மாட்டார். பயப்பட வேண்டிய வரிசையே தலைகீழாக இருக்கிறது.

முதலில் எச்ஐவியை முடித்துவிடலாம். எச்சிலால் அது பரவாது. உங்களுக்கு ஒருவர் வாயால் செய்தார் என்றால் உங்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. நீங்கள் செய்தீர்கள் என்றாலும் மிகக் குறைவு. வாயில் ரத்தம் கசியும் புண்ணோ, பல் பிடுங்கிய ஆறாத இடமோ இருந்து, அங்கே விந்து பட்டு, அவருக்கு மருந்து எடுக்காத எச்ஐவியும் இருந்தால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்படி ஏதாவது நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரை தருவார்கள். ஒழுங்காகக் கூட்டு மருந்து சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவு வழியாக அது தொற்றுவதில்லை.

சரி, உண்மையில் எவை தொற்றும்? கொனோரியா, சிபிலிஸ், ஹெர்பிஸ் என்ற மூன்று பால்வினை நோய்களும் தாராளமாக. கொனோரியா தொண்டையில் போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது, மிஞ்சிப்போனால் லேசான தொண்டை வலி. அங்கிருந்து இன்னொருவருக்குப் போகும். சிபிலிஸ் புண் இன்னும் கள்ளத்தனமானது: பெரும்பாலும் வலிக்காது, தொற்றி மூன்று வாரம் போல ஆன பிறகு உதட்டிலோ நாக்கிலோ உறுப்பிலோ வரும், மருந்தே இல்லாமல் சில வாரத்தில் தானாக ஆறிவிடும், நோய் மட்டும் ரத்தத்தில் தங்கிவிடும். ஹெர்பிஸ் எதிர்த்திசையிலும் வரும். காய்ச்சலின்போது உதட்டோரம் கொப்புளிக்கும் அதே கிருமி வாயிலிருந்து உறுப்புக்கு ஏறும். கொப்புளம் இருக்கிற நாளில் வேண்டாம், ஆனால் இல்லாத நாளிலும் பரவ வாய்ப்பு உண்டு. எச்பிவி என்ற வைரஸும் இந்த வழியில் வரும், சிலருக்குப் பல வருடம் கழித்துத் தொண்டைப் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆசனவாயில் வாய் வைத்தால் கணக்கே வேறு: மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ, வயிற்றுப்போக்குக் கிருமிகள், குடல் புழு எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

நம் டெல்டா பக்கத்துச் சிக்கல் ஒன்று, எல்லாவற்றுக்கும் சூடு என்று பெயர் வைத்துவிடுவது. ஒன்றுக்குப் போகும்போது எரிந்தால் நீர்க்கடுப்பு, இளநீர் குடி. வாயில் புண் வந்தால் வாய்ப்புண், மணத்தக்காளிக் கீரை சாப்பிடு. சித்திரை வெயிலில் அது சரியாகவும் இருக்கலாம், ஆனால் எரிச்சலோடு சீழ் வந்தாலோ, வலிக்காத புண் இரண்டு வாரம் தாண்டியும் ஆறாமல் இருந்தாலோ அது கீரைக்கு அடங்குகிற விஷயம் இல்லை. அதேபோல வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலை போட்டு வாயின் உள்தோலைப் புண்ணாக்கி வைத்திருப்பவருக்குக் கிருமி நுழைய வழி எளிது. கும்பகோணம் வெற்றிலையைக் குறை சொல்லவில்லை, கூடச் சேரும் புகையிலையைத்தான் சொல்கிறேன்.

தடுப்பு என்று பார்த்தால் ஆணுறைதான். ஃப்ளேவர் போட்டது மெடிக்கலில் கிடைக்கும், அரசு மருத்துவமனையில் சாதா ஆணுறை இலவசம். பெண்ணுறுப்புக்கும் ஆசனவாய்க்கும் ஒரு ஆணுறையின் நுனியையும் வளையத்தையும் வெட்டி, நீளவாக்கில் பிளந்து விரித்து நடுவில் வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் அபத்தமாகத் தோன்றும், வேலை செய்யும். முன்னாடியே அழுத்திப் பல் தேய்க்காதீர்கள், ஈறு கிழியும். பின்னாடி மவுத்வாஷ் கொப்பளிப்பது மனசுக்குத்தான் ஆறுதல்.

பரிசோதனைக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் சுக வாழ்வு மையம் இருக்கும், பால்வினை நோய்க்கென்றே. எச்ஐவிக்கு நம்பிக்கை மையம். இலவசம், முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 எச்ஐவி சட்டமே இருக்கிறது. மன்னார்குடியில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமே என்றால் பஸ் ஏறித் தஞ்சாவூர் போங்கள், மயிலாடுதுறைக்காரர் திருவாரூர் போகட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை. நேரில் போகுமுன் கேட்க வேண்டுமென்றால் 1097க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டி லாட்ஜில் முகாம் போடுகிற வைத்தியரிடம் மட்டும் போகாதீர்கள். பணமும் போகும், நோயும் இருக்கும்.

அங்கே போனதும் 'செக்கப்' என்று பொதுவாகச் சொல்லி மென்று விழுங்காமல், வாயால் உறவு நடந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏன் என்றால் தொண்டையில் இருக்கும் கொனோரியா சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியாது, தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தால்தான் தெரியும். சிபிலிஸுக்கு விடிஆர்எல் ரத்தப் பரிசோதனை. மறுநாளே ஓடிப்போய் எடுத்தால் ஒன்றும் காட்டாது; கொனோரியாவுக்கு ஒன்றிரண்டு வாரம், சிபிலிஸுக்கும் எச்ஐவிக்கும் மூன்று மாதம் முடிந்து எடுத்தால் நம்பலாம். ஆனால் அறிகுறி இருந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

மெடிக்கல் கடையில் விவரம் சொல்லி இரண்டு அசித்ரோமைசின் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிற பழக்கம் இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். கொனோரியா பல மருந்துகளுக்குப் பழகிப்போன கிருமி, தொண்டையில் அதை ஒழிப்பது இன்னும் கடினம், ஊசிதான் போடுவார்கள். சிபிலிஸுக்குப் பென்சிலின் ஊசி. கொனோரியா ஊசி போட்ட பிறகு ஏழு நாள் எந்த உறவும் வேண்டாம், துணையும் மருந்து எடுக்க வேண்டும். தொண்டைக் கொனோரியா என்றால் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் மறுபடி போய் மாதிரி கொடுத்து, போய்விட்டதா என்று பார்த்துவிடுங்கள்.