இரவு தே தாரிக்கும் மறுநாள் மனநிலையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், வேலை முடிந்து ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு (நுரை வர ஆற்றிய பால் தேநீர்) பேசிக்கொண்டிருப்பது அருமையான பழக்கம். அந்தப் பேச்சை விட்டுவிடாதீர்கள். பானத்தை மட்டும் மாற்றுங்கள்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. தேநீரிலுள்ள கஃபீன் அது உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பலருக்குக் குடித்து ஏறக்குறைய 5 மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் இருக்கும். இரவுத் தூக்கம் கெட்டால் மறுநாள் சின்னச் சொல்லும் சுள்ளென்று தைக்கும். விடியுமுன் பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மதியத்தோடு தேநீரை நிறுத்தி, மாலையில் சூடான பார்லி கேளுங்கள்.

சோர்வும் வெறுமையும் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால், தயங்காமல் அரசு கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள்.