ஒரிகன் கடற்கரையில் ஆர்.வி. பயணம்: இருவர் போவதற்கான செய்முறை

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், வடக்கே அஸ்டோரியா ஊரிலிருந்து தெற்கே கலிஃபோர்னியா எல்லை வரை, யு.எஸ். 101 நெடுஞ்சாலை சுமார் 360 மைல் நீளத்துக்குப் பெரும்பாலும் கடலை ஒட்டியே போகிறது. 1967இல் வந்த சட்டத்தால் மணல்வெளி முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது. வழியெங்கும் ஆர்.வி. (கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) நிறுத்த வசதியுள்ள அரசுப் பூங்காக்கள் உண்டு. காரில் இரண்டு நாளில் ஓட்டிவிடலாம் என்பதால் பலர் ஆர்.வி.க்கும் அதே கணக்கைப் போடுகிறார்கள். அது சரிவராது. ஒரு நாளைக்கு 100 மைலைத் தாண்டாதீர்கள். நூறு மைலே ஓட்டமும் நிறுத்தமுமாக நான்கு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

வடக்கிலிருந்து தெற்காகப் போங்கள். அப்போது கடல் உங்கள் வலப்பக்கம் இருக்கும். எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் காட்சிமுனைகளில் ஒதுங்கலாம். கோடையில் பிற்பகல் காற்று வடமேற்கிலிருந்து பலமாக வீசும். தெற்கே போகிறவர்களுக்கு அது பெரும்பாலும் முதுகுக் காற்று. மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் செப்டம்பர்தான். ஜூலை, ஆகஸ்டைவிட மூடுபனியும் காற்றும் கூட்டமும் குறைவு.

வண்டி

இருவருக்கு 22 முதல் 25 அடி வரையுள்ள கிளாஸ் சி மோட்டார் ஹோம் (வேன் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய ஆர்.வி.) போதும். 30 அடி வண்டி எடுத்தால் பழைய முகாம்களின் பல இடங்களில் நுழையாது, ஊருக்குள் நிறுத்தவும் இடம் கிடைக்காது. வாடகைக்கு எடுக்கும்போது கட்டிலின் படத்தைப் பாருங்கள். சிறிய வண்டிகளில் மூலைக்கட்டில் இருக்கும். அதன் ஒரு பக்கம் சுவர் என்பதால் உள்பக்கம் படுப்பவர் இரவில் கழிவறைக்குப் போக மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ஒரு வாரப் பயணத்தில் இது சிறிய விஷயமில்லை. இருபுறமும் இறங்கும் கட்டிலுள்ள வண்டியைக் கேளுங்கள்.

சாதாரண கார் உரிமமே போதும். ஆனால் கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் காப்பீடு பொதுவாக மோட்டார் ஹோமுக்குச் செல்லாது. அதைத் தனியாக உறுதி செய்யுங்கள். ஓட்டும் மைலுக்கும் ஜெனரேட்டர் ஓடும் மணிக்கணக்குக்கும் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். போர்ட்லாந்தில் எடுத்து, தெற்கு எல்லை வரை போய், உள்நாட்டு வழியாகத் திரும்பினால் சுமார் 800 மைல். காலனுக்கு 8 முதல் 10 மைல் கிடைக்கும் என்று வைத்தால் 80 முதல் 100 காலன் பெட்ரோல் ஆகும்.

சாவியை வாங்குமுன் ஹீட்டர், தண்ணீர் பம்ப், அடுப்பு, ப்ரொப்பேன் எரிவாயுவில் ஓடும் ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் உங்கள் கண்முன் இயக்கச் சொல்லுங்கள். வண்டியின் உயரத்தைத் தாளில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள். கிளாஸ் சி பொதுவாக 11, 12 அடி உயரம் இருக்கும். வண்டியில் இருந்தபடியே வாங்கும் துரித உணவுக் கடைகளின் கூரையில் இடிப்பவர்கள் கார் ஓட்டும் பழக்கத்திலேயே நுழைந்துவிடுபவர்கள்தான்.

தங்குமிடம்

அரசுப் பூங்காக்களில் 6 மாதம் முன்பே பதிவு திறக்கும். கோடை வார இறுதிகள் விரைவில் தீர்ந்துவிடும். வெளி மாநிலத்தவருக்கு ஆர்.வி. இடங்களில் 25 சதவீதம் கூடுதல். சீரமைப்புக்காகச் சில முகாம்களைப் பல மாதங்கள் மூடுவார்கள், ஆகவே பட்டியலை முடிவு செய்யுமுன் பாருங்கள். வசதியான வரிசை இது: அஸ்டோரியா அருகே ஃபோர்ட் ஸ்டீவன்ஸ், பிறகு மன்சனிட்டாவில் நெஹேலம் பே, நியூபோர்ட்டில் சவுத் பீச், ஃபுளோரன்ஸில் ஹனிமன், பாண்டனில் புல்லார்ட்ஸ் பீச், புரூக்கிங்ஸில் ஹாரிஸ் பீச். ஹனிமனில் மணல்மேடுகளுக்காகவும், ஹாரிஸ் பீச்சில் கடலுக்குள் நிற்கும் பாறைகளுக்காகவும் இரண்டிரண்டு இரவு தங்குங்கள். காட்சிமுனைகளிலும் பகல்நேரப் பூங்காக்களிலும் இரவு தங்க முடியாது.

வண்டியைப் பின்னால் எடுப்பது

தம்பதிகளுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் வழிகாட்டுவார் என்று முதல் நாளே காலியான ஒரு பார்க்கிங்கில் அரை மணி நேரம் பழகுங்கள். வழிகாட்டுபவர் ஓட்டுநர் பக்கப் பின்மூலையில், கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் மறைந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். இந்த ஒரு விதியே பெரும்பாலான சேதத்தைத் தடுக்கும். கத்துவதற்குப் பதில் இருவரும் செல்பேசியில் பேசிக்கொண்டே எடுங்கள். “இந்தப் பக்கம்” என்று சொல்லாதீர்கள், “ஓட்டுநர் பக்கம்”, “கதவுப் பக்கம்” என்று சொல்லுங்கள். மேலே கிளைகளையும் பாருங்கள்.

பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி வெகுவாக நீண்டிருக்கும். வலப்பக்கம் வேகமாகத் திருப்பினால் இடது பின்மூலை வெளியே வீசும். பெட்ரோல் பங்கின் இரும்புத் தூணில் உரசுவது இதனால்தான். பங்கிலிருந்து கிளம்பும்போது ஒரு வண்டி நீளம் நேராகப் போய்விட்டுத் திருப்புங்கள். பெட்ரோல் போடுமுன் ப்ரொப்பேனை மூடுங்கள். 2023 முதல் ஒரிகனில் நாமே போடவும் அனுமதி உண்டு, ஊழியர் போடும் பம்புகளும் இருக்கின்றன.

மின்சாரம், தண்ணீர், கழிவு

முகாமின் 30 ஆம்ப் இணைப்பு என்பது 120 வோல்டில் மொத்தம் 3,600 வாட். மின்கெட்டில், மைக்ரோவேவ், ஹீட்டர் மூன்றும் தலா 1,500 வாட் வரை இழுக்கும். மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். இந்திய மிக்ஸியைக் கொண்டுபோகாதீர்கள், 230 வோல்டுக்கானது அங்கே சரியாக ஓடாது. கோடையிலும் இரவு 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். ப்ரொப்பேன் ஹீட்டரின் விசிறி பேட்டரியில் ஓடுவதால், மின் இணைப்பில்லாத இடத்தில் இரவு முழுக்கப் போட்டால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கும். ப்ரொப்பேன் ஃபிரிட்ஜுக்குத் தரை சமமாக இருக்க வேண்டும். சாய்வில் நின்றால் குளிராது, நாள்பட்டால் பழுதாகும். சக்கரத்தின் கீழ் வைக்கும் பிளாஸ்டிக் கட்டைகளைக் கேட்டு வாங்குங்கள்.

குழாயில் முதலில் அழுத்தக் கட்டுப்படுத்தியை மாட்டி, அதன்பிறகு குடிநீருக்கான வெள்ளை ஹோஸை இணையுங்கள். 40, 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் வந்தால் உள்ளே பிளாஸ்டிக் இணைப்புகள் கழன்று தரை நனையும்.

கழிவுக்கு இரண்டு டேங்க். கழிவறைக்கு பிளாக், சிங்க்குக்கும் குளியலுக்கும் கிரே. கழிவுக்குழாயுள்ள இடத்தில் நின்றாலும் பிளாக் வால்வை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு மேடாகக் காய்ந்துவிடும். அதை எடுப்பது பெரும்பாடு. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் கையுறை போட்டு ஹோஸை இறுக்கமாக மாட்டி முதலில் பிளாக்கைத் திறங்கள். அது வடிந்ததும் மூடிவிட்டு கிரேயைத் திறங்கள். சோப்பு நீர் ஹோஸைக் கழுவிக்கொண்டே போகும். முடிந்தபின் இரண்டு வால்வும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்து, கழிவறை வழியாக 2, 3 காலன் தண்ணீரும் டேங்க் மருந்தும் விடுங்கள். அளவுகாட்டும் விளக்குகளை நம்பாதீர்கள். உணரியில் தாள் ஒட்டியிருந்தால் காலி டேங்கும் நிறைந்ததாகக் காட்டும்.

நம் சமையலில் எண்ணெய் அதிகம். தாளித்த வாணலியையும் சோற்றுப் பாத்திரத்தையும் கழுவுமுன் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். பருக்கையும் எண்ணெயும் கிரே டேங்கில் சேர்ந்தால் இரண்டாம் நாளே நாறும்.

சாலையில்

கேனன் பீச்சுக்குத் தெற்கே ஆர்ச் கேப்பிலும், ஹெசிட்டா ஹெட் அருகிலும் சுரங்கப்பாதைகள் உண்டு. சைக்கிள்காரர் உள்ளே இருந்தால் பொத்தானை அழுத்தியிருப்பார், நுழைவில் விளக்கு மின்னும். மின்னினால் அவருக்குப் பின்னாலேயே மெதுவாகப் போங்கள். 1930களில் கட்டிய பாலங்களில் பக்கக்காற்று தள்ளும். வேகத்தைக் குறைத்து இரு கையாலும் பிடியுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். இகோலா பூங்காச் சாலையும் கேப் பெர்பெச்சுவா உச்சிச் சாலையும் குறுகலானவை, அங்கே இந்த வண்டியை ஏற்றாதீர்கள். சில கடற்கரைகளில் வாகனத்தை மணலில் விடலாம். ஆர்.வி.யை ஒருபோதும் விடாதீர்கள், புதைந்தால் ஏறுநீர் வந்துவிடும்.

கடல் வற்றும்போது பாறைகளுக்கிடையே நீர் தேங்கும் பாறைக்குளங்களைப் பார்க்க, தாழ்நீர் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகப் போங்கள். அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள், கரையில் கிடக்கும் மரத்துண்டுகள் மேல் ஏறாதீர்கள். எதிர்பாராத ஓர் அலை டன் கணக்கான மரத்தையும் உருட்டிவிடும். நிலம் பலமாக அதிர்ந்தால் சைரனுக்குக் காத்திராமல், வண்டியை விட்டுவிட்டு நடந்தே மேட்டுக்கு ஏறுங்கள். சுனாமி வழிப் பலகைகள் முகாம்களில் இருக்கும். வந்தவுடன் ஒருமுறை அந்த வழியை நடந்து பாருங்கள்.

திரும்பும்போது கலிஃபோர்னியா வழியாகப் போனால் எல்லையில் வேளாண் சோதனைச் சாவடி உண்டு. எலுமிச்சை வகைகளும் கறிவேப்பிலையும் சைலிட் என்ற பூச்சிக்கு இடமளிப்பவை என்பதால் பறிமுதல் செய்யப்படலாம். முன்பே தீர்த்துவிடுங்கள். கலிஃபோர்னியா வேண்டாமென்றால் பாண்டன் பக்கம் திரும்பி வந்து 42ஆம் எண் சாலையில் ரோஸ்பர்க் போய் ஐ-5 என்ற உள்நாட்டு நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம்.

வண்டியை ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவை டம்ப் ஸ்டேஷன் (கழிவு டேங்கைக் காலி செய்யும் இடம்) உள்ள முகாமில் வையுங்கள். காலையில் இரண்டு டேங்கையும் காலி செய்து, ப்ரொப்பேனும் பெட்ரோலும் நிரப்பி, உள்ளே கூட்டிவிட்டுக் கிளம்ப இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். டேங்க் காலியாக இல்லாவிட்டால் பல வாடகை நிறுவனங்கள் தனிக் கட்டணம் போடும்.