லண்டனைச் சக்கர நாற்காலியில் சுற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் ஊரிலிருந்து யாராவது ஒருவர் போன் செய்துவிடுவார். "லண்டன்ல எல்லா இடத்துலயும் லிஃப்ட் இருக்கும்தானே? அப்பாவை வீல்சேர்லயே சுத்திக் காட்டிடலாம்ல?" காட்டலாம். நான் இந்த ஊரில் பல வருடமாகச் சக்கர நாற்காலியில்தான் வேலைக்கும் கடைக்கும் போய் வருகிறேன். ஆனால் "ஆமாம், இருக்கும்" என்று மட்டும் சொல்லி போனை வைத்தால், அவர்கள் முதல் நாளே ஏதோ ஒரு ரயில் நிலையத்தின் அடியில் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. எங்கிருந்து எதுவரை படி இல்லை என்று கேட்க வேண்டும். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல், அந்த "எதுவரை"யைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

லிஃப்டை நம்பி டியூபில் இறங்குவது

இங்குள்ள டியூப் ரயில் 1863-ல் தொடங்கியது. உலகத்தின் முதல் சுரங்க ரயில் இதுதான். அந்தக் காலத்தில் நிலையங்களைத் தோண்டியவர்கள் நம்மை நினைத்துத் தோண்டவில்லை. இன்றைக்கும் 272 நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் படி இல்லாமல் பிளாட்பாரம் வரை போக முடியும்.

கோவென்ட் கார்டன் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா வருகிற எல்லோரும் போகிற இடம். அங்கே பெரிய பெரிய லிஃப்டுகள் இருக்கின்றன. 193 படிகள் கொண்ட சுழல் படிக்கட்டில் ஏற வேண்டாம், லிஃப்டில் வாருங்கள் என்று அறிவிப்பும் செய்வார்கள். ஆனால் லிஃப்டுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் மறுபடியும் படிகள் உண்டு. லண்டனிலேயே ஆழமான ஹாம்ஸ்டெட் நிலையத்திலும் இதே கதை. பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரஸல் ஸ்கொயரிலும் அப்படித்தான். அதே மியூசியத்துக்குப் பக்கமான இன்னொரு நிலையம் ஹோபர்ன். அங்கே எஸ்கலேட்டர் மட்டும்தான். எஸ்கலேட்டரில் சக்கர நாற்காலியை ஏற்ற விடமாட்டார்கள், விட்டாலும் ஏற்றாதீர்கள். மியூசியத்துக்கு டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில் இறங்குங்கள். அங்கே தெரு வரைக்கும் லிஃப்ட் உண்டு. கொஞ்ச தூரம் உருட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மியூசியத்தின் முன்வாசலில் பெரிய படிகள் தெரியும். பயப்பட வேண்டாம், படிகளின் ஓரத்திலேயே லிஃப்ட் இருக்கிறது.

டியூப் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி இரண்டு விதமாக இருக்கும். நீல வட்டத்துக்குள் வெள்ளைக் குறி என்றால் தெருவிலிருந்து ரயில் பெட்டிக்குள் வரை படி கிடையாது. வெள்ளை வட்டத்துக்குள் நீலக் குறி என்றால் பிளாட்பாரம் வரைக்கும்தான் உத்தரவாதம். பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் உயர வித்தியாசமோ இடைவெளியோ இருக்கும். முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் அந்த இடைவெளியில் இறங்கிவிட்டால் ஆளே முன்னால் கவிழ்ந்துவிடுவோம். அந்த மாதிரி நிலையங்கள் பலவற்றில் ஊழியர்களிடம் மடக்குகிற சாய்பலகை இருக்கும். முன்பதிவு தேவையில்லை, கேட்டால் கொண்டுவந்து போடுவார்கள். எங்கே இறங்கப் போகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், அந்த நிலையத்துக்கும் தகவல் போக வேண்டும்.

இன்னொரு நுணுக்கம்: ஒரே நிலையத்தில் ஒரு பாதைக்கு லிஃப்ட் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. பேங்க் நிலையத்தில் நார்தர்ன் பாதைக்கு உண்டு, சென்ட்ரல் பாதைக்குக் கிடையாது. ரயில் மாறுகிற இடத்தில் இதைப் பார்க்கத் தவறினால் கீழே மாட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

சரி, எதை நம்பலாம்? 1987-லிருந்து ஓடுகிற டி.எல்.ஆர். (டாக்லேண்ட்ஸ் லைட் ரயில்வே) ரயிலின் எந்த நிலையத்திலும் படி ஏறி இறங்க வேண்டியதில்லை. 1999-ல் நீட்டிய ஜூபிலி பாதையில் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டு வரை ஒரு நிலையம் விடாமல் லிஃப்ட் உண்டு. 2022 மே மாதம் திறந்த எலிசபெத் பாதையின் 41 நிலையங்களிலும் பிளாட்பாரம் வரை படியில்லாமல் போகலாம். அதில் பாடிங்டனிலிருந்து உல்விச் வரை பெட்டிக்குள்ளும் நேராக உருட்டிக்கொண்டு போய்விடலாம். ஊரைச் சுற்ற வருகிறவர்கள் இந்த மூன்றையும் முதுகெலும்பாக வைத்துத் திட்டம் போடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

லிஃப்ட் பழுதாகும். நேற்று ஓடியது இன்று ஓடாது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் லண்டன் போக்குவரத்துத் துறையின் "டிஎஃப்எல் கோ" செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். படியில்லாத வழியை மட்டும் காட்டு என்ற தேர்வும் அதில் இருக்கிறது.

பஸ்ஸைக் கடைசி வழியாக நினைப்பது

நம் ஊர் அனுபவத்தில் பஸ் என்றாலே நமக்கு ஒத்துவராது என்று மனதில் பதிந்துவிட்டது. இங்கே தலைகீழ். லண்டன் பஸ்கள் எல்லாம் தாழ்தளம்தான், நடுக்கதவில் சாய்தளம் வெளியே வரும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கட்டணமும் கிடையாது. நடுக்கதவுக்குப் பக்கத்தில் வெளியே நீல நிறப் பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். டிரைவர் கண்ணில் படும்படி நிற்பதும் முக்கியம். உள்ளே ஏறியதும் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, முதுகு மெத்தைப் பலகையில் ஒட்டும்படி நிறுத்தி பிரேக் போடுங்கள். நிறையப் பேர் ஜன்னல் பக்கம் பார்க்கலாமே என்று குறுக்காக நிறுத்திவிடுகிறார்கள். பஸ் திடீரென்று நின்றால் நாற்காலி சாயும்.

ஒரு பஸ்ஸில் நமக்கு ஒரே ஒரு இடம்தான். இரண்டு பேர் சக்கர நாற்காலியில் வந்தால் ஒருவர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டிவரும். அந்த இடத்தில் குழந்தை வண்டி நிற்பதும் அன்றாடம் நடக்கிறது. ஒரு மழை நாளில் டிரைவர் என்னைப் பார்த்து "இடமில்லை" என்று கைகாட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே இருந்தது மடக்கக்கூடிய ஒரு குழந்தை வண்டி. அன்றைக்கு எனக்கு விஷயம் தெரியாது, பேசாமல் நனைந்துகொண்டு நின்றேன். அந்த இடத்தில் சக்கர நாற்காலிக்குத்தான் முன்னுரிமை. டக் பாலி என்பவர் இதே பிரச்சினைக்காக நீதிமன்றம் போய், 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை வழக்கு வந்தது. டிரைவர் ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, அதற்கு மேலும் முயல வேண்டும் என்று தீர்ப்பானது. அதனால் தயங்காமல் கேளுங்கள். அந்தத் தாயிடமும் கனிவாகக் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் உடனே மடக்கிவிடுவார்கள்.

பஸ்ஸும் சரிவரவில்லை என்றால் கறுப்பு டாக்ஸி. லண்டனின் கறுப்பு டாக்ஸி எல்லாவற்றிலும் சாய்தளம் உண்டு, நாற்காலியிலிருந்து இறங்காமலேயே ஏறலாம். அதற்காகக் கூடுதல் காசு கேட்பது சட்டப்படி குற்றம்.

பார்க்கிற இடத்தில் "எதுவரை" என்று கேட்காமல் போவது

டவர் ஆஃப் லண்டனில் கோஹினூர் வைரம் பதித்த கிரீடம் இருக்கும் நகை மாளிகைக்குள் சக்கர நாற்காலியில் போகலாம். நடுவில் நிற்கிற வெள்ளைக் கோபுரத்துக்குள் குறுகலான படிகள்தான். வளாகம் முழுக்கக் கல் பாவிய தரை. முதுகுவலி உள்ளவர்களுக்கு அந்த அதிர்வு தாங்காது, மெதுவாகத்தான் போக வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் டவர் பிரிட்ஜில் மேலே இருக்கும் கண்ணாடித் தரை வரை லிஃப்ட் போகிறது. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் பிரிட்ஜைத்தான் சொல்வேன்.

செயின்ட் பால் தேவாலயத்தின் தரைத்தளமும் நிலவறையும் பார்க்கலாம். உச்சிக்குப் போக 528 படிகள், மாற்று வழி கிடையாது. லண்டன் ஐ ராட்டினத்தில் நாம் ஏறும்போது வேகத்தைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை சக்கர நாற்காலி மேலே இருக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், முன்பதிவில் சொல்லாமல் போனால் காத்திருக்க நேரும்.

கிரீனிச் வானாய்வகம் குன்றின் மேல் இருக்கிறது. ஆற்றுப் பக்கத்திலிருந்து போனால் செங்குத்தான ஏற்றம், தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். இறங்கும்போது அதைவிட ஆபத்து. பிளாக்ஹீத் பக்க வாசல் வழியாகப் பூங்காவுக்குள் போங்கள். அங்கிருந்து வானாய்வகம் வரை கிட்டத்தட்டச் சமதளம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, ஒரு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

தேம்ஸில் படகு ஏறுவதற்கு முன் நீர்மட்டம் பாருங்கள். கடல் ஓதம் வந்துபோகும் ஆறு இது. லண்டன் நகரத்துக்குள்ளேயே நீர்மட்டம் 7 மீட்டர் வரை ஏறி இறங்கும். வற்றும் நேரத்தில் படகுத்துறைக்கு இறங்கும் பாலம் நன்றாகச் சரிந்து நிற்கும். அதே பாலம் நீர் ஏறியிருக்கும்போது ஏறக்குறைய மட்டமாகிவிடும்.

அறையும் கழிப்பறையும்

ஹோட்டல் இணையதளத்தில் "மாற்றுத்திறனாளிகளுக்கான அறை" என்று போட்டிருந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். என் உறவினர் ஒருவருக்காக அப்படி ஓர் அறை எடுத்தோம். கதவு அகலம், கைப்பிடிகள் எல்லாம் சரி. குளியலறையில் உயரமான தொட்டி! நான்கு நாளும் அவருக்குத் துணியால் உடம்பைத் துடைத்துவிட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மூன்று கேள்வி கேட்காமல் நான் பணம் கட்டுவதில்லை. தெருவிலிருந்து வரவேற்பறைக்குப் படி உண்டா? குளிக்கிற இடத்துக்குள் நாற்காலியோடு போகலாமா? கட்டிலின் உயரம் எவ்வளவு? முடிந்தால் குளியலறையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

பொது இடத்து மாற்றுத்திறனாளி கழிப்பறைகள் நிறையப் பூட்டியே இருக்கும். "ரேடார் சாவி" என்று ஒரு பொதுச்சாவி உண்டு, நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கழிப்பறைகளை அது திறக்கும். விலை அதிகமில்லை, ஒன்று வாங்கி நாற்காலியிலேயே கட்டிவிடுங்கள். தூக்கிப் படுக்கவைத்துத்தான் மாற்ற வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு "சேஞ்சிங் பிளேசஸ்" என்ற பெரிய கழிப்பறைகள் இருக்கின்றன. பெரியவர் படுக்கிற பலகையும் தூக்கும் கருவியும் அங்கே இருக்கும். அவை எங்கெங்கே என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு, அதை ஒட்டி அன்றைய திட்டத்தைப் போடுங்கள். தண்ணீர் குடிக்காமல் சமாளித்துவிடலாம் என்று நம் பெரியவர்கள் நினைப்பார்கள். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், துணைக்கு வருகிறவருக்கு டவரிலும் லண்டன் ஐயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்திலும் கட்டணம் இல்லை. இந்தியாவிலிருந்து வருபவர்கள் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கையில் கொண்டுவாருங்கள். ஆங்கிலத்திலும் இருப்பதால் ஆதாரம் கேட்டால் காட்டலாம்.

உட்கார்ந்தே இருப்பவருக்கு நடப்பவரைவிடக் குளிர் அதிகமாகத் தெரியும். உடம்பு அசைந்தால்தானே சூடு வரும். ஜூன் மாதத்திலும் ஒரு போர்வையை மடியில் போடுங்கள். கையால் சக்கரம் உருட்டுபவருக்கு மழையில் விரல் விறைத்துவிடும், ரப்பர் பிடியுள்ள கையுறை வேண்டும்.

முதல் நாளுக்கு என்னிடம் ஒரே ஒரு வழிதான். வாட்டர்லூவில் ஜூபிலி பாதை ரயிலிலிருந்து லிஃப்டில் மேலே வந்து, ஆற்றின் தென்கரைக்குப் போங்கள். அங்கிருந்து கிழக்கே லண்டன் பிரிட்ஜ் வரை கரையோரமாகவே உருட்டிப் போகலாம். பெரும்பாலும் சமதளம், கிளிங்க் தெருப் பக்கம் மட்டும் கல் தரை. வழியில் டேட் மாடர்ன் கலைக்கூடம் இருக்கிறது, உள்ளே போகக் காசில்லை, லிஃப்டும் கழிப்பறையும் உண்டு. எதிர்க்கரையில் செயின்ட் பாலின் குவிமாடம் தெரியும். களைத்துப்போனால் லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் அதே ஜூபிலி பாதை காத்திருக்கிறது, தெருவிலிருந்து ரயில் பெட்டிக்குள் வரை ஒரு படிகூடக் கிடையாது.