நன்றி டைரி மனச்சோர்வைக் குறைக்குமா? ஆய்வுக் கட்டுரையைச் சலித்துப் பார்க்கும் முறை

பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளை நன்றி டைரி (நன்றிக்குரியதைக் குறித்துவைக்கும் ஏடு) எழுதவைக்கலாம் என்று பேச்சு வருகிறது, ஆதாரமாக ஒரு வாட்ஸ்அப் செய்தி என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செய்தியை விட்டுவிட்டு, மூலக் கட்டுரையை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தேடி எடுங்கள். சுருக்கத்தோடு நிற்காமல் 'முறைகள்' பகுதிக்குப் போங்கள்.

யாரோடு ஒப்பிட்டார்கள்? முக்கால்வாசி விஷயம் இங்கேதான். மார்ச்சில் பரீட்சைப் பயத்தில் அளந்துவிட்டு, ஜூனில் குற்றாலச் சாரல் விழும்போது மறுபடி அளந்தால், டைரியைத் தொடாத பிள்ளைக்கும் பதற்றம் தணிந்திருக்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வை ஓரமாக வையுங்கள். குழு இருந்தால், அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வின் முதல் சோதனையில், கல்லூரி மாணவர்கள் 10 வாரம், வாரம் ஒருமுறை எழுதினார்கள்: ஒரு குழு நன்றிக்குரியதை, ஒன்று எரிச்சல்களை, இன்னொன்று பொதுவான நிகழ்வுகளை. எரிச்சல் குழுவோடு ஒப்பிட்டு வரும் வித்தியாசத்தில், எரிச்சலை எழுதியதன் பங்கும் கலந்திருக்கலாம். டேவிஸ் குழுவினரின் 2016 தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது), வேறு உளவியல் பயிற்சி செய்தவர்களைவிட நன்றிப் பயிற்சி செய்தவர்கள் மேலாக நிற்கவில்லை.

அடுத்து, விளைவின் அளவு. ஆள் எண்ணிக்கை கூடினால் அற்ப வித்தியாசம்கூட 'புள்ளியியல்படி முக்கியம்' ஆகிவிடும். கிரெக், சீவன்ஸ் இருவரும் 27 ஆய்வுகளை, 3,675 பேரைச் சேர்த்துப் பார்த்ததில், நன்றிப் பயிற்சியால் மனச்சோர்வு, பதற்றத்தில் கிடைத்த குறைவு 0.29 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு). இதைப் புள்ளியாக்கிப் பாருங்கள்: மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாளுக்கு 0 முதல் 27 வரை மதிப்பெண். திட்ட விலக்கம் 5 என்று கொண்டால், 0.29 × 5, சுமார் ஒன்றரைப் புள்ளி. ஒருவரிடம் உருப்படியான மாற்றம் என்று வழக்கமாகக் கொள்வது 5 புள்ளி. கெடுதல் இல்லை, ஆனால் சிகிச்சைக்கு மாற்றும் இல்லை.

இடையில் நின்றவர்களையும் எண்ணுங்கள்; பயன் தெரியாதவர்கள் நின்றுவிட்டால், மிஞ்சியவர்களின் முடிவு மட்டும் நன்றாகத் தெரியலாம். மகிழ்ச்சிப் பயிற்சிகளைச் சோதித்த செலிக்மன் குழுவின் 2005 இணையவழி ஆய்வில் சேர்ந்தவர்கள் 577, முடித்தவர்கள் 411.

வினாத்தாளின் தமிழ் வடிவம் தனிப் பிரச்சினை. நம் பக்கம் அம்மா சோறு போட்டால் யாரும் "நன்றிம்மா" என்பதில்லை. "நல்லா இருந்துச்சும்மா" என்றாலே அது நன்றிதான். 'நன்றி' என்ற சொல்லை அப்படியே போட்டு மொழிபெயர்த்தால் மேடைப் பேச்சு மரியாதையைத்தான் அளக்கும். தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்தார்களா, தமிழ் பேசுபவர்களிடம் சோதித்தார்களா என்று தேடுங்கள். பெயர் எழுதி வகுப்பாசிரியர் கையில் கொடுக்கும் தாள் என்றால், "நல்லாருக்கேன் சார்" என்பதுதான் விடையாக வரும்.

பள்ளியிலேயே அளப்பதென்றால், பெயருக்குப் பதில் எண் கொடுங்கள். எண்ணுக்குரிய பட்டியல் ஆலோசகரிடம் மட்டும் இருக்கட்டும். பிஎச்க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் ஆலோசகர் அன்றைக்கே பிள்ளையிடம் பேச வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416.