அடங்கிவிட்டான் என்று சந்தோஷப்படாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்க வருஷா வருஷம் புதிதாகச் சிலர் வருகிறார்கள். கோபம், பயம், அழுகை பற்றிப் பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது என்று அவர்களைப் பழக்குவது என் வேலை. அடிக்காதே, கத்தாதே என்பது அவர்களுக்கே தெரியும், அதை விடுவோம். நாங்கள் அந்தக் காலத்தில் சொதப்பிய இடங்களிலேயே அச்சுப் பிசகாமல் சொதப்புகிறார்களே, அதைச் சொல்கிறேன்.

தலையணையைக் குத்தச் சொல்வது

வேண்டாம். உளவியல் ஆய்வாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தில்தான் இருந்தார்கள்.

அழுகையின் நடுவில் மூச்சுப்பயிற்சி

விளையாடும்போது பழக்காததை உருண்டு புரளும்போது பழக்க முடியாது.

பிள்ளை சொன்னதை அம்மாவிடம் போட்டுவிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஆறாவது படிக்கும் ஒரு பையன், பென்சிலை ஒடித்து ஒடித்துப் போடுகிறவன், ஒருநாள் எல்லோரும் போன பிறகு மெதுவாக வாயைத் திறந்து, "அப்பா தம்பியை மட்டும் மடியில வச்சுக்கிறாரு, பார்த்தா அவனைக் கிள்ளணும்போல இருக்கு" என்றான். கேட்ட புது மிஸ் மறுநாள் இலை எடை போடும் இடத்தில் அவன் அம்மாவைப் பார்த்ததும், நல்ல மனசோடுதான், "அக்கா, பையனுக்குத் தம்பியைக் கிள்ளத் தோணுதாம், கொஞ்சம் கவனிங்க" என்று சொல்லிவிட்டார். சாக்கோடு வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். பொழுது சாய்வதற்குள் பையனுக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது.

அப்புறம் அவன் பென்சிலை ஒடிக்கவில்லை. என்னடா என்று கேட்டால் "ஒண்ணுமில்ல மிஸ்." அந்த மிஸ் என்னிடம் வந்து "இப்ப ரொம்ப அமைதி ஆயிட்டான்" என்கிறார், பெருமையாக! அமைதியாம். கோப முகம், பயந்த முகம் படங்களைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று பெயர் சொல்லவைத்தாலே மூளையில் பயம், கோபம் போன்றவற்றைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைவதை மேத்யூ லீபர்மன் என்ற ஆய்வாளரின் குழு 2007இல் ஸ்கேனில் காட்டியது. அப்படிப் பெயர் சொல்ல அவன் வாயெடுத்த முதல் நாளே ஊரைக் கூட்டி மானத்தை வாங்கிவிட்டோம்.

வீட்டுக்குத் தெரியவேண்டியது என்றால், "அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் கூட வரட்டுமா" என்று பிள்ளையிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்வது

இதுவும் கூடாது. யாராவது அடிக்கிறார்கள், தப்பாகத் தொடுகிறார்கள், செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் மறைக்கவே கூடாது. யாரிடம் சொல்லப்போகிறோம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 உங்கள் போனில் இருக்கட்டும்.

நீங்களே கொதிப்போடு வகுப்புக்குள் நுழைவது

பஸ் வரவில்லை என்ற கோபத்தை வாசலில் விட முடியாவிட்டால் வெளியே நின்று ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், பிள்ளைகள் காத்திருப்பார்கள். டீயில் தீராதது என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம், தமிழிலேயே பேசலாம்.