டிக்கன்ஸை வாரம் ஒரு பகுதியாக வாசித்துக் காட்டுங்கள்

ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை வாசித்துக் காட்டும்போது ஆசிரியர் வரலாற்றோடு ஆரம்பிக்காதீர்கள், அங்கேயே கேட்பவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள்: தப்பியோடிய கைதி சிறுவன் பிப்பைத் தலைகீழாகக் கவிழ்க்க, அவன் பையிலிருந்து ஒரு ரொட்டித் துண்டு விழுகிறது, அதை அந்த மனிதன் அவக் அவக்கென்று தின்கிறான். இதைச் சத்தமாக வாசியுங்கள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, கேட்பவர்களை அந்தப் பசியைப் பற்றிப் பேசவிடுங்கள். கடினமான சொல் வந்தால் அகராதியைத் தேட வைக்காமல் நீங்களே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

வாரம் ஒரு பகுதி போதும். 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்ததுதான் இது. சுருக்கப் பதிப்பு மட்டும் வேண்டாம், கொல்லர் ஜோவின் வெள்ளந்தியான பேச்சுதான் அதில் முதலில் அடிபடும்.