மூக்கனேரிக் கரையிலிருந்து சேர்வராயன் மலையை வரைவது எப்படி

காலை ஆறு மணிக்குச் சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கும் மூக்கனேரிக் கரையில் போய் உட்காருங்கள், எதிரே சேர்வராயன் மலை நிற்கும். உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா பார்த்துவிட்டு, மனதில் எழுவதை ஒரே வார்த்தையில் கேன்வாஸின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். ஏக்கம், நிம்மதி, பயம், எதுவானாலும் சரி. எந்த வண்ணம் போடுவது என்று குழம்பும்போதெல்லாம் அந்த வார்த்தைதான் கை கொடுக்கும்.

பென்சிலில் இரண்டே கோடுகள் போதும், மலை முகடும் ஏரிக்கரையும். மரம் மரமாக வரைய ஆரம்பித்தால் படம் செத்துவிடும், நான் பல வருடம் அப்படித்தான் வரைந்தேன்.

வண்ணங்களில் கறுப்பே வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் மோனேயும் அவர் கூட்டாளிகளும் நிழலுக்கு நீலமும் ஊதாவும்தான் பெரும்பாலும் போட்டார்கள். அக்ரிலிக் வண்ணத்தில் அல்ட்ராமரின் என்ற அடர் நீலம், அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பு, மஞ்சள் ஓக்கர் என்ற மண் மஞ்சள், வெள்ளை இருந்தால் போதும். நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால்தான் தூரத்து மலை நீலமாகத் தெரிகிறது, அதனால் பின்னால் போகப் போக நீலத்தையும் வெள்ளையையும் கூட்டி, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முகட்டின் விளிம்பை ஓரிரு இடத்தில் வானத்தோடு கரைய விடுங்கள். கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காமல் அது மேலே போய்க்கொண்டே இருக்கும், ஏக்கம் வருவது அங்கேதான். விளிம்பைக் கத்தியால் வெட்டியது போலப் போட்டால் மலை வெட்டி ஒட்டிய காகித அட்டையாகிவிடும்.

சரிவில் பிரஷ் சரிவின் போக்கிலேயே இறங்கட்டும், தண்ணீரில் படுக்கைவாட்டில். குட்டையான தடித்த தீற்றல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள், தேய்த்துக் கலக்க வேண்டாம். அப்புறம் கரையோரம் வெயில் படும் இடத்தில் துளி ஆரஞ்சு வையுங்கள். நீலத்துக்கு எதிர் நிறம் அது, மலை முழுவதும் இன்னும் ஆழமாகிவிடும்.

சேலம் வெயிலுக்கு அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும், ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

நாற்பது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், அதற்குள் வெளிச்சம் வேறாகிவிடும். மோனே 1895-இல் நார்வே போனபோது கோல்சோஸ் என்ற ஒரே மலையைப் பத்து தடவைக்கு மேல் வரைந்தார். நீங்களும் இதே மலையை வரைய மழை விட்ட மறுநாள் மறுபடி வாருங்கள், மலை கிட்டத்தில் வந்து நிற்கும். எனக்குப் பிடித்தது என்னவோ மலை பாதி மறைந்திருக்கும் பனிமூட்டக் காலைதான்.

வீட்டில் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, பத்தடி தள்ளி யாரையாவது நிற்கச் சொல்லி என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். என் அம்மா பார்த்ததும், “இந்தப் பனியில தலைக்குத் துண்டு கட்டாமயா உட்கார்ந்திருந்தே?” என்றார். பார்ப்பவர் சொல்வது நீங்கள் எழுதிய பின்பக்க வார்த்தைக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தால், முதலில் தூரத்து முகட்டைத்தான் இன்னும் வெளிறச் செய்து பாருங்கள்.